லே போறவங்களுக்குக் கற்பூரம் போதும்னு எழுதினது யாரு?

வடக்குவாசல்: மலை உயரத்துல உடம்புக்கு முடியாம போறதுக்கு முந்தாநாள் இங்க ஒருத்தர் வழி எழுதியிருக்கார்: "லே போனா கர்ச்சீப்புல கற்பூரம் முடிஞ்சு மோந்துகிட்டே இருங்க, மாத்திரையே வேணாம்." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. லடாக்ல இருக்கிற லே ஊர் 3,500 மீட்டர் உயரம். காத்துல ஆக்சிஜன் அங்கயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறையறதால மூச்சுக்கு மூச்சு உள்ள போறது குறையுது. கற்பூரம் மூக்குல ஜில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்துல ஆக்சிஜன் துளிகூட ஏறாது.

புல்லட்ராசு: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். மணாலி வழியா மூணு தடவை வண்டியில போயிருக்கேன், மூணு தடவையும் கற்பூரம்தான். நீங்க எத்தனை தடவை?

வடக்குவாசல்: ஒரு தடவை. போதும். என் மச்சான் பிளேன்ல இறங்கின மறுநாளே பாங்காங் ஏரிக்குக் கிளம்பிட்டான். 4,200 மீட்டருக்கு மேல. ராத்திரி தலைவலி, வாந்தி, கையில உங்க கற்பூரம். விடிஞ்சு பார்த்தா ஷூ லேஸைக் கட்டத் தெரியாம கையில வெச்சுகிட்டு உக்காந்திருக்கான். எழுப்பி நடக்கவிட்டா குடிச்சவன் மாதிரி தள்ளாடுறான். மூளை வீக்கம். லேவுக்கு இறங்கணும்னா முதல்ல 5,300 மீட்டருக்கு மேல இருக்கிற சாங் லா கணவாயை ஏறித் தாண்டணும். சிலிண்டர் ஆக்சிஜனை மூக்குல வெச்சே கொண்டுவந்தோம்.

புல்லட்ராசு: மறுநாளே ஏறினது அவர் தப்பு. கற்பூரம் என்ன பண்ணுச்சு?

வடக்குவாசல்: தைரியம் குடுத்துச்சே, அதுதான் பண்ணுச்சு.

தேன்மொழி: நர்ஸா சொல்றேன். உயரத்தால வர்ற தலைவலி, வாந்தியைத் தடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை வழக்கமா 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுறதுக்கு முந்தின நாள்லேர்ந்து. டாக்டரைக் கேட்டுதான் போடணும். விரல் நுனி குறுகுறுக்கும், பயப்படாதீங்க.

புல்லட்ராசு: என்கூட வந்தவன் அதைப் போட்டும் வாந்தி எடுத்தான். கற்பூரம் வெச்சிருந்த நான் கர்துங் லா கணவாயில 18,380 அடியில நின்னு போட்டோ எடுத்தேன்.

கிளட்ச்கேபிள்: அது பழைய போர்டுல இருந்த கணக்கு. ஜிபிஎஸ்ல அளந்தா சுமார் 17,582 அடிதான்.

புல்லட்ராசு: போர்டுல இருந்ததைச் சொன்னேன். நீ அங்க போனியா தம்பி?

வடக்குவாசல்: அடிக்கணக்கை விடுங்க. ராசு, மணாலியிலேர்ந்து போற வழியில ஜிஸ்பா கிராமத்துல ரெண்டு ராத்திரி தங்கினதா நீங்களே எழுதியிருக்கீங்க. உங்களைக் காப்பாத்தினது அது. 3,000 மீட்டருக்கு மேல, தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக் கூடாது.

புல்லட்ராசு: எங்க பாட்டி காலத்துலேர்ந்து கற்பூரம் மோந்துட்டு வர்றோம்.

கிளட்ச்கேபிள்: பாட்டி லடாக் போனாங்களா?

புல்லட்ராசு: பாட்டியை இழுத்தா மரியாதை கெட்டுடும்.

வடக்குவாசல்: அவங்க சளிக்கு மோந்தாங்க, மலைக்கு இல்ல. படிக்கிறவங்க கேளுங்க: தலைவலி இருந்தா மேல ஏறாதீங்க. நடை தள்ளாடினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரின்னாலும் இறங்குங்க. ராசு, அந்தப் பதிவை எடுங்க.

புல்லட்ராசு: எடுக்க மாட்டேன். ஜூன்ல நாலாவது தடவை போறேன். கற்பூரத்தோடதான்.