போலிஷ் 'ஃபாய்னி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

போலந்துப் பேச்சுவழக்கில் 'ஃபாய்னி' என்றால் நல்ல, ஜாலியான, மனதுக்குப் பிடித்த. ஆண்பாலில் ஃபாய்னி, பெண்பாலில் ஃபாய்னா, அஃறிணைப் பாலில் ஃபாய்னே. படம், ஆள், கார் எதற்கும் பொருந்தும். அலுவல் கடிதத்தில் மட்டும் சிறுபிள்ளைத்தனமாக ஒலிக்கும்.

மூலம் ஜெர்மன் 'ஃபைன்' என்பதே என் கணிப்பு. ஆங்கில 'ஃபைன்' அதன் உறவுதான். இரண்டுக்கும் வேர் பிரெஞ்சு 'ஃபேன்'. ஆனால் ஜெர்மன் 'ஐ' போலிஷில் 'ஆய்' ஆவது வழக்கம்: 'ஷைபெ' ஷாய்பா ஆனது, வேலை முடியும் நேரமான 'ஃபையராபென்ட்' ஃபாய்ரன்ட் ஆனது. செக் மொழியிலும் 'ஃபாய்ன்' உண்டு, அங்கே அது பாலுக்கேற்ப மாறுவதில்லை.

சிக்கல் மொழிபெயர்ப்பில். 'சூப்பர்' போட்டால் போலிஷிலேயே தனியாக இருக்கும் 'சூப்பெர்' இடிக்கிறது; அது ஒரு படி மேல். 'நல்ல' என்றால் பேச்சுவாசனை போய்விடுகிறது. 'ஜோரான' பழசு. பதின்வயதினர் உரையாடலுக்கு என்ன வைக்கலாம்? போலிஷ் 'ஃபாய்னி'க்கு 1950க்கு முந்தைய அச்சுச் சான்று இருந்தாலும் பகிருங்கள்.