உளுந்தம்பருப்பு சோறு குக்கர்ல குழையாம வருமா?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் வைக்கிற மாதிரி கறுப்பு உளுந்து போட்ட சோறு, குக்கர்ல வைக்க அளவு சொல்லுங்களேன், உதிரியா வரணும்.

பதில்: 1 டம்ளர் புழுங்கலரிசிக்கு அரை டம்ளர் உடைச்ச தோல் உளுந்து. உளுந்த வெறும் சட்டில வாசம் வர்ற வரை வறுக்கணும், அதை மட்டும் விட்டுறாதீங்க. பூண்டு 15 பல்லு, வெந்தயம் அரை ஸ்பூன், கொஞ்சம் சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு, மூணரை டம்ளர் தண்ணி, 4 விசில்.

பதில்: பச்சரிசினா 3 டம்ளர் தண்ணியே போதும்க்கா. தோல கழுவி எடுத்துறாதீங்க, ருசியே அதுலதான்.

பதில்: தொட்டுக்க எள்ளுத் துவையல்தான், வேற எதுவும் சேராது! சூடா நல்லெண்ணெய் ஊத்தி பிசைஞ்சு சாப்பிடுங்க. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு இடுப்புக்கு பலம்னு எங்க பக்கம் இதையும் உளுந்தங்களியும் கண்டிப்பா குடுப்பாங்க.