சிவப்புப் பையில் வந்த ஊசி: ஆஸ்பத்திரி வேலையில் நேர்ந்தவை

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், தனியார் மருத்துவமனை

எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொண்டு என்னிடம் வருபவர்களில் அந்த ஊசியைப் பயன்படுத்தாதவர்களும் உண்டு. குப்பை அள்ளும் அக்காக்கள்தான் அவர்கள்.

ஒருநாள் சாயங்காலம் மெடிக்கல் வார்டு ஆயாம்மா ஒரு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். காலையில் சிவப்புப் பையைக் கட்டும்போது மெல்லிய கையுறையைத் தாண்டி ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியிருக்கிறது. அந்தப் பையில் ஐவி செட், கதீட்டர், ஊசி கழற்றிய சிரிஞ்ச் மட்டும்தான் இருக்க வேண்டும். ஊசி என்றால் துளைக்க முடியாத வெள்ளை டப்பா. யாரோ பட்டர்ஃபிளை ஊசியை (பிடிக்க இரண்டு பக்கமும் இறக்கை, பின்னால் மெல்லிய டியூப் உள்ள ஊசி) டியூபோடு சுருட்டி உள்ளே போட்டுவிட்டார்கள்.

அந்த அக்கா ரத்தத்தைப் பிதுக்கி எடுத்து, மேலே ஹைப்போ (கிருமிநாசினியாகப் பயன்படுத்தும் பிளீச் திரவம்) ஊற்றிக் கழுவியிருந்தார். விரல் நுனி வெந்து வெளுத்திருந்தது. இரண்டுமே கூடாது. ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும். ஏன் உடனே சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா கான்ட்ராக்டர் நின்னுக்கச் சொல்லிடுவாருன்னு பயந்துட்டேன் சிஸ்டர்" என்றார்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. ஊசி எந்த நோயாளியுடையது என்றே தெரியவில்லை. டாக்டர் யோசித்து முதல் டோஸைக் கொடுத்தார், 28 நாள் கோர்ஸ்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று. எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3 அளவுதான். ஹெபடைடிஸ் பி ரத்தம் என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. அந்த அக்காவுக்குத் தடுப்பூசியே போடவில்லை. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே, கான்ட்ராக்ட்" என்று அலுவலகத்தில் பதில் வந்தது. உடனடிப் பாதுகாப்புக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரத ஊசி) செலவை யார் ஏற்பது என்று பேச்சு நீண்டது. மேட்ரன் சண்டை போட்டு ராத்திரியே போட வைத்தார். பிறகு எடுத்த டெஸ்ட்டுகள் எல்லாம் நெகட்டிவ்.

பையில் ஒட்டியிருந்த லேபிளை வைத்து வார்டைப் பிடித்தோம். அங்கே வெள்ளை டப்பா நர்சிங் ஸ்டேஷன் மூலையில் இருந்தது. கடைசிப் படுக்கையிலிருந்து அவ்வளவு தூரம் ஊசியை ஏந்திக்கொண்டு யார் நடப்பார்கள்? சிஸ்டர்களைத் திட்டிப் பயனில்லை. டப்பாவை டிராலியிலேயே மாட்டினோம், அப்புறம் அந்த வார்டுப் பைகளில் ஊசி வருவது வெகுவாகக் குறைந்தது.

லேப் டெக்னீஷியன்

எங்கள் ஊரில் சின்ன நர்சிங் ஹோம்களிலிருந்து பயாப்சி (பரிசோதனைக்கு எடுத்த சதைத் துண்டு) வருவது எதில் தெரியுமா? ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் வந்தது. கம்பெனி லேபிள் கூடக் கிழிக்கவில்லை. உள்ளே ஃபார்மலின் (சதை கெடாமல் வைக்கும் நச்சுத் திரவம்), அடியில் ஒரு துண்டு கர்ப்பப்பை. கொண்டுவந்த பையன் அதைத் தன் சாப்பாட்டுப் பையிலேயே, குடிக்கிற பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். பார்க்க இரண்டும் ஒன்றுதான். மூடியைத் திறந்தால்தான் கண் எரியும். சாம்பிளை வேறு டப்பாவுக்கு மாற்றினோம். அந்த டாக்டருக்கே போன் போட்டு, இனி தண்ணீர் பாட்டிலில் வந்தால் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். கோபப்பட்டார். படட்டும்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்

சிஸ்டர் சொன்ன அதே ஹைப்போதான் எங்களுக்கும் வில்லன். வேலைக்குப் புதிதாக வந்த வடநாட்டுப் பையன், கறை போகவில்லை என்று டாய்லெட் ஆசிட்டையும் ஹைப்போவையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிவிட்டான். குளோரின் வாயு கிளம்பி, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான். கேஷுவால்டியில் ஆக்சிஜன், நெபுலைசர் எல்லாம் வைத்து மறுநாள்தான் அனுப்பினார்கள். பாட்டிலில் எச்சரிக்கை இங்கிலீஷில் இருக்கிறது, நாங்கள் கொடுத்த பயிற்சி தமிழில், அவனுக்குத் தெரிந்தது இந்தி. இப்போது ஆசிட் வாங்குவதையே நிறுத்திவிட்டோம். கறை கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். எங்கள் ஆட்களுக்கு ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியும் போட்டாயிற்று. அது போதுமா?

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ்

போதாது அண்ணா. மூன்றாவது ஊசி போட்டு ஒன்று, இரண்டு மாதத்தில் ஆன்ட்டி எச்பிஎஸ் டெஸ்ட் (ஊசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. குறைவாக இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள், மறுபடி ஊசி போட வேண்டியிருக்கும். ரிசல்ட்டை ஒரு நோட்டில் பெயர்வாரியாக எழுதி வையுங்கள்; கான்ட்ராக்டர் மாறினாலும் நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.