“மை ஃபாதர் டோல்ட் தட் ஐ வில் கம்”: பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

திருச்சி டியூஷன் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். டைரக்டை இன்டைரக்டாக மாற்றச் சொன்னால் சூத்திரம் போட்டு மாற்றிவிடுகிறார்கள், ‘செட் டு’ இருந்தால் ‘டோல்ட்’, ‘டுமாரோ’ இருந்தால் ‘த நெக்ஸ்ட் டே’, மார்க்கும் வந்துவிடுகிறது. அதே பிள்ளையிடம் அப்பா என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டால் “மை ஃபாதர் டோல்ட் தட் ஐ வில் கம் டுமாரோ” என்கிறது. நாளைக்கு வரப்போவது அப்பாவா, பிள்ளையா?

திருத்திக் கொடுத்தால் கேள்விகள் வருகின்றன. அப்பா இப்போதும் பிஸியாகத்தான் இருக்கிறார், அப்புறம் ஏன் “ஹி செட் ஹி வாஸ் பிஸி”? டிவியில் யாருமே ‘தட்’ சொல்வதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் எழுத வேண்டும்? விதியைச் சொன்னால் போதாது, காரணம் கேட்கிறார்கள். கேட்பதும் நியாயம்தான். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கரிசல்காரன்:
முதலில் அந்த ‘ஐ’. பிள்ளை மனதில் ஓடுவது “அப்பா நாளைக்கு நான் வர்றேன்னு சொன்னார்” என்கிற வாக்கியம். தமிழில் அது முழுக்கச் சரி. ‘என்று’ போட்டால் அவர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே உள்ளே வைத்துவிடலாம், ‘நான்’ அப்பாவையே குறிக்கும், கேட்பவருக்கும் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் ‘தட்’ அந்த வேலையைச் செய்யாது. ‘தட்’ வந்த பிறகு ‘ஐ’ என்றால் இப்போது பேசிக்கொண்டிருக்கிற ஆள், ‘யூ’ என்றால் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற ஆள், மற்ற எல்லோரும் ‘ஹி’, ‘ஷி’, ‘தே’. அதனால் “மை ஃபாதர் டோல்ட் மீ தட் ஹி வுட் கம்”. ‘டோல்ட்’ பக்கத்தில் யாரிடம் சொன்னார் என்பது கட்டாயம் வர வேண்டும். அதைச் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘செட்’ போட்டுவிடலாம்.

இதில் ஆங்கிலத்துக்கே தீராத ஒரு சிக்கல் உண்டு. “ரமேஷ் டோல்ட் முருகன் தட் ஹி ஹேட் பாஸ்ட்” என்றால் பாஸானது யார்? நமக்கு ‘தான்’ இருக்கிறது, “தான் பாஸாகிவிட்டதாக ரமேஷ் முருகனிடம் சொன்னான்” என்றால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லாததால் பெயரைத் திரும்பச் சொல்வார்கள், இல்லையென்றால் ‘தட்’டையே விட்டுவிட்டு ரமேஷ் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவார்கள்.

மொழிப்பித்தன்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ‘வாஸ்’ வருவதற்கும் அதே காரணம்தான். ஆளை எப்படிப் பேசுபவர் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கிறோமோ, காலத்தையும் அப்படியே பார்க்கிறோம். சொன்னது நேற்று, அதனால் அவர் சொன்ன விஷயமும் நேற்றுக்குப் போகிறது. “ஹி செட் ஹி வாஸ் பிஸி” என்பதில் உள்ள ‘வாஸ்’ அந்த வேலை முடிந்துவிட்டது என்று சொல்லவே இல்லை. இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். “ஐ டிட்ன்ட் நோ யூ வர் ஹியர்” என்று எதிரில் நிற்கிற ஆளிடமே சொல்கிறார்கள், அவர் எங்கேயும் போய்விடவில்லை. திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்த்து “ஐ தாட் யூ வர் இன் மதுரை” என்றால், அப்படி நினைத்திருந்தேன், அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது என்பது வரை அந்த ‘வர்’ரிலேயே வந்துவிடுகிறது.

இன்னும் உண்மையாக இருக்கிற விஷயம் என்றால் நிகழ்காலமும் போடலாம். “ஷி செட் ஷி லிவ்ஸ் இன் சேலம்”, “ஷி செட் ஷி லிவ்ட் இன் சேலம்” இரண்டும் சரி. முதலாவதில் இப்போதும் சேலம்தான் என்று சொல்பவரும் ஏற்றுக்கொள்கிறார். இரண்டாவதில் அவள் சொன்னாள், அவ்வளவுதான். “ஹி செட் ஹி ஹேட் பெய்ட்” என்பதைப் பேச்சில் “ஹி செட் ஹி பெய்ட்” என்றே பலரும் சொல்வார்கள், அதைப் போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். ‘வில்’ ‘வுட்’ ஆவதை மட்டும் விடாதீர்கள். ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’ ஏற்கெனவே இருந்தால் மாற்றமே இல்லை.

நள்ளிரவு வாசகி:
நிகழ்காலமும் சரி என்பது உண்மை, ஆனால் பரீட்சையில் பிள்ளைகள் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டாம் டீச்சர், அங்கே விதிப்படியே எழுதட்டும்.

நான் ‘தட்’ பற்றிச் சொல்கிறேன். ‘செட்’, ‘தாட்’, ‘நியூ’ மாதிரி தினசரி வினைச்சொல் வந்து, அடுத்ததே ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’ என்று வந்தால் பேச்சில் பெரும்பாலும் ‘தட்’ போய்விடும். “ஐ தாட் ஹி லெஃப்ட்” என்பதில் கேட்பவருக்கு எந்தச் சிரமமும் இல்லை, ‘ஹி’ என்று கேட்டதுமே புது வாக்கியம் தொடங்குவது தெரிந்துவிடுகிறது. ‘ரிப்ளைட்’, ‘அனௌன்ஸ்ட்’ மாதிரி கொஞ்சம் எழுத்து வாடை உள்ள வினைகளோடு பெரும்பாலும் நிற்கும்.

விட்டால் பொருள் கெடுகிற இடங்களும் உண்டு. “ஹி செட் ஆன் மண்டே ஹி வுட் கால்” என்றால் திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை கூப்பிடுவாரா? “ஹி செட் ஆன் மண்டே தட் ஹி வுட் கால்” என்றதும் திங்கள் சொன்ன பக்கம் போய்விடுகிறது, ‘தட்’டை ‘மண்டே’வுக்கு முன்னால் வைத்தால் கூப்பிடுகிற பக்கம். இன்னொன்று, “ஹி செட் ஹி வாஸ் டயர்ட் அண்ட் தட் ஹி நீடட் ரெஸ்ட்”. முதல் ‘தட்’ இல்லாவிட்டாலும் இரண்டாவதை வைக்கிறார்கள், ஏனென்றால் ஓய்வு வேண்டும் என்பதும் அவரே சொன்னது. அதை எடுத்துவிட்டால் அது நம்முடைய கருத்தாகவும் கேட்கலாம்.

உச்சரிப்பையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். “ஐ நோ தட் தட் இஸ் ராங்” என்பதில் முதலாவது பாதி விழுங்கினதுபோல லேசாக வரும், ‘அது’ என்ற பொருளில் வருகிற இரண்டாவதுதான் அழுத்தி வரும். டிவியில் ‘தட்’ இல்லை என்று பிள்ளைகள் சொல்கிற சில இடங்களில் அது லேசாக இருக்கத்தான் செய்யும்.

திருச்சி டியூஷன் டீச்சர்:
மூன்று பேருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை உதாரணத்தை நாளைக்கே போர்டில் எழுதப்போகிறேன். இதே வரிசையில் இன்னொன்று: “ஷி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்” என்று எழுதுகிறார்கள். இங்கேயும் ‘என்று’தான் உள்ளே புகுந்துவிடுகிறதா?

கரிசல்காரன்:
ஆமாம் டீச்சர், “எங்கே போறேன்னு கேட்டா”, அதே ‘என்று’. நமக்குச் செய்தி, கேள்வி, கட்டளை மூன்றுக்கும் அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ‘தட்’ செய்திக்கு மட்டும். கேள்வி என்றால் ‘வேர்’, ‘ஒய்’ தாமே இணைத்துவிடும், “ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்”. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்விக்கு ‘இஃப்’. வரச்சொன்னார் என்பதற்கு “ஹி டோல்ட் மீ டு கம்”.

வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் காதில் ஒரு வரி சொல்லட்டும், அதை அந்தப் பிள்ளை மூன்றாவது பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சொல்லட்டும். “ஐ லைக் யுவர் பேக்” என்று தொடங்குங்கள், ‘யுவர்’ எங்கே ‘மை’ ஆகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.