'வெளிப்பாடு' போதுமா? 'முகப்பேற்றம்' என்ற சொல்லுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

மரபணு தொடர்பான எல்லா இடத்துக்கும், 'expression' என்பதற்கு ஈடாக 'வெளிப்பாடு' ஒன்றே போதும் என்று சென்ற மடலில் எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலும் போதும்தான். ஆனால் தவளையின் வளருருமாற்றத்தில், அதாவது தலைப்பிரட்டை தவளையாக மாறும் கட்டத்தில் (metamorphosis), நோய்த்தடைக்காப்பு மரபணுக்கள் இயங்கும் விதத்தை எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் தாங்கவில்லை. (நாளிதழ்கள் 'உருமாறிய கொரோனா' என்று எழுதிப் பழக்கிவிட்டதால், வெறும் 'உருமாற்றம்' என்பதை நான் தவிர்க்கிறேன்.)

ஆப்பிரிக்க நகத்தவளையின் தலைப்பிரட்டையில், செவுள், குடல் போன்ற உறுப்புகளில் முதல் வகுப்புத் திசுப்பொருத்த (MHC class I) மரபணுவின் வெளிப்பாடு உண்டு என்று ஒரு பத்தியில் எழுதினேன். வளருருமாற்றம் வரை அதன் சிவப்பணுக்களிலும் நிணவணுக்களிலும் (lymphocytes) வெளிப்பாடு இல்லை என்று அடுத்த பத்தியில் எழுதினேன். படித்த மாணவி, "ஐயா, முதலில் உண்டு என்கிறீர்கள், பிறகு இல்லை என்கிறீர்களே?" என்று கேட்டார். உறுப்பு வேறு என்பது மட்டும் விடையன்று. முதலில் நான் கருதியது மரபணு படியெடுக்கப்பட்டு ஆர்.என்.ஏ. உருவாவதை, அடுத்ததில், புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் வந்து நிற்பதை.

இந்த வேறுபாடு இங்கே உயிர்நாடியானது. முதல் வகுப்பு மூலக்கூறு, உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை ஏந்தி வந்து நோய்த்தடைக்காப்பைச் சேர்ந்த டி-நிணவணுக்களுக்குக் (T cells) காட்டுகிறது. மேற்பரப்புக்கு வராவிட்டால் அந்த வேலை நடப்பதில்லை. தைராய்டு இயக்குநீர் வளருருமாற்றத்தை நடத்தும் காலத்தில், இளரிக்குரிய (தலைப்பிரட்டைப் பருவத்துக்குரிய) ஹீமோகுளோபின் போய் முதிர்தவளைக்குரியது வருகிறது, டி-நிணவணுக்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பி தன் நிணவணுக்களில் பெரும்பகுதியை இழந்து மீண்டும் நிரம்புகிறது. புதிதாக வரும் நிணவணுக்கள், முதிர்தவளையின் புரதங்களைத் தம்முடையவை என்று ஏற்கப் பழக வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் ஊருணிப் படித்துறையில், முன்கால் முளைத்தும் வால் சுருங்காத குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் (அவை வேறு இனம்தான்) இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

'மேற்பரப்பு வெளிப்பாடு' என்ற மாற்று பிழையில்லை. ஆனால் வினையாக்கினால் 'மேற்பரப்பில் வெளிப்படுத்தாத உயிரணு' என்று நீள்கிறது. அடைமொழி விடுபட்டால் பழைய குழப்பமே திரும்புகிறது.

செட்டிநாட்டு வீட்டில் பின்கட்டு அடுப்படியில் பலகாரம் வெந்துகொண்டிருக்கும். தட்டில் வைத்து முகப்புக்குக் கொண்டுவந்தால்தான் திண்ணையில் இருப்பவர் கண்ணில் படும். வேவது வெளிப்பாடு, முகப்புக்கு வருவது வேறொன்று. அதற்கு 'முகப்பேற்றம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். முகப்பேற்றும் உயிரணு, முகப்பேற்றாத உயிரணு என்று வினையும் இயல்பாக அமைகிறது. 'முகப்பேறு' என்ற வடிவம் மட்டும் வேண்டாம். கண் அதை 'மகப்பேறு' என்று படித்துவிடும்.

மாணவியிடம் கொடுத்த திருத்தம் இது: "தலைப்பிரட்டையில் முதல் வகுப்பு மரபணுவின் வெளிப்பாடு சில உறுப்புகளில் உண்டு, ஆயினும் அதன் சிவப்பணுக்களில் முகப்பேற்றம் வளருருமாற்றத்தின்போதே தொடங்குகிறது." இரண்டாம் வகுப்புத் திசுப்பொருத்த மூலக்கூறுக்கும் (MHC class II) இச்சொல் பொருந்துகிறது: இளரியின் டி-நிணவணுக்கள் அதை முகப்பேற்றுவதில்லை, முதிர்தவளையுடையவை முகப்பேற்றுகின்றன. இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள். இந்த வாக்கியங்களிலேயே வைத்துப் பார்ப்போம்.