வந்தவாசி போர் போர்டு வளைஞ்சுபோச்சு, வழி சொல்லுங்க

நண்பர்களே, 1760ல இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் மோதின வந்தவாசி போரை, சின்ன பொம்மை வீரர்களை வச்சு டேபிள்ல விளையாடணும்னு ரொம்ப நாள் ஆசை, 6க்கு 4 அடி போர்டு ஒண்ணு வீட்ல கிடக்குறத வச்சே பண்ணிட்டு இருக்கேன். கோட்டைக்கு டிவி பெட்டில வந்த தெர்மாகோல், தரைக்கு அட்டை, மேல வெள்ளை பசை தடவி சலிச்ச மணல். காஞ்சதும் அட்டை ஓரமெல்லாம் மேல தூக்கிடுச்சு, ரெண்டு நாள் புத்தகம் அடுக்கி வச்சும் சரியாகல. பின்பக்கமும் பசை தடவினா சமமா இழுக்கும்னு நினைக்கிறேன், யாராச்சும் செஞ்சு பாத்தீங்களா? ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சதுல ஒரு கொத்தளம் அப்படியே உருகிப்போச்சு, இனிமே பிரஷ்ல அக்ரிலிக்தான். முக்கியமா அந்த ஏரி, பிரெஞ்சுக்காரங்க இடப்பக்கம் அதை ஒட்டித்தான் நின்னாங்க, அது இல்லாம இந்த போரே இல்ல. ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகுற ரெசின் வாங்க காசில்ல, தண்ணி மாதிரி மினுங்க வேற என்ன ஊத்தலாம்?