பொருள்: 'துருவமயமாதல்' வேண்டாம், 'அணியிறுக்கம்' எனலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றமும் மக்களாட்சியும் பற்றிய கட்டுரை ஒன்றை எங்கள் திருவொற்றியூர் வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் 'துருவப் பனி உருகுகிறது' என்றும் 'அரசியல் துருவமயமாகிறது' என்றும் வந்தது. மக்கள் இரண்டு எதிரெதிர் பக்கங்களாகிப்போவதை, ஆங்கிலத்தில் polarization என்பதை, நாளிதழ்கள் 'துருவமயமாதல்' என்கின்றன. படித்துக் காட்டியபோது, மீன் விற்கும் அக்கா ஒருவர், "பனி உருகுகிற இடத்தில் என்ன அரசியல்?" என்று கேட்டார். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார்:

> நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்ட சொல்லை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டும் என்றே நினைக்கிறேன், ஐயா. 'இருவரும் இரு துருவங்கள்' என்றால் பிறவியிலேயே எதிரெதிர் என்றுதான் தமிழில் பொருள். யாரோ நாள்தோறும் பேசிப் பேசி மக்களை இரண்டு பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலையை, அந்தச் சொல் இயற்கையின் அமைப்பாக்கிவிடுகிறது. அதே ஆங்கிலச் சொல்லுக்கான 'முனைவாக்கம்' இயற்பியலில் வேலை செய்துகொண்டிருக்கிறது; அது அங்கேயே இருக்கட்டும்.

மதுரைத் தோழி 'பிளவு' போதும் என்கிறார். கட்சி பிளந்தால் ஆள் குறையும், பலம் குறையும். இங்கே நடப்பதோ வேறு: ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் ஒற்றுமை கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் கடற்கரையை வைத்தே சொல்கிறேன். இங்கே கரையோர மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால், அதற்கு வடக்கே இருக்கும் குப்பம் மணலை இழக்கிறது. ஆகவே ஒரு குப்பம் வேண்டும் என்கிறது, அடுத்த குப்பம் வேண்டாம் என்கிறது. கடுமையான சண்டைதான், ஆனாலும் அது அவரவர் வீடு இருக்கும் இடத்திலிருந்து வருகிற சண்டை. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து வளைவின் நீளத்தையும் இடத்தையும் பேசலாம். இதைக் கருத்து வேறுபாடு என்றே எழுதுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் பரவியபோது நான் கண்டது வேறு. எல்லார் படகிலும் எண்ணெய் அப்பியது, எல்லார் வலையும் கெட்டது. அப்படியும், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் அவரவர் கட்சி சொன்ன காரணத்தையே சொன்னார்கள். தெரு ஒன்று, நட்டம் ஒன்று, கொடி மட்டும் வேறு. என்னைக் கலங்க வைத்தது அதுதான். அதற்குத்தான் தனிச்சொல் கேட்கிறேன்.

'அணியிறுக்கம்' என் பரிந்துரை. கூட்டணி, எதிரணி என்று 'அணி' அரசியலில் ஏற்கெனவே புழங்குகிறது; அணிகலனோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். 'இறுகு' வலை பின்னுகிறவர்களின் அன்றாடச் சொல்: முடிச்சு இறுகும், மனமும் இறுகும். தானாக நடந்தால் அணியிறுகல், ஒருவர் செய்தால் அணியிறுக்குதல். இறுக்கியது யார் என்ற கேள்வி உடனே எழும். இறுகியது இளகும் என்பதால் எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது: அணியிளக்கம். 'துருவமயமாதல்' என்பதற்கு அப்படி எளிதாக ஓர் எதிர்ச்சொல் கிடைப்பதில்லை.

கட்டுரையில் பொருத்திப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் 2012-இல் நடைமுறைக்கு வந்த கரிம விலைச் சட்டம் (கரிம உமிழ்வுக்கு விலை வைக்கும் சட்டம்), 2013-இல் ஆட்சி மாறி, 2014-இல் நீக்கப்பட்டது. புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020-இல் வெளியேறி, 2021-இல் திரும்பி, 2025-இல் மறுபடியும் விலக ஆணையிட்டது. 'அணியிறுகிய நாட்டில் காலநிலைச் சட்டத்தின் ஆயுள் அடுத்த தேர்தல் வரைதான்' என்று எழுத முடிந்தது. பிரான்சில் 2019-இல் குலுக்கல் முறையில் தேர்ந்த 150 குடிமக்களைக் கூட்டிக் காலநிலை பற்றிப் பேச வைத்தார்கள். அந்தப் பத்திக்கு 'அணியிளக்க முயற்சி' என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எதிரணியின் கொள்கையை விட்டுவிட்டு அதன் ஆட்களையே வெறுக்கத் தொடங்கும் நிலையைக் கட்டுரை தனியாகப் பிரிக்கிறது. 'அணிப்பகை' போதுமா, 'இறுக்கம்' அதிலும் தெரிய வேண்டுமா? வட்டம் ஞாயிறு மாலை கூடுகிறது. சனிக்கிழமைக்குள் எழுதினால் பிரதியில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து